குண்டின் வேகத்தை அளக்க எந்தக் கருவி? வாசகர் கேள்வி – பதில்

துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருப்பவர்களிடமிருந்து குரோனோகிராஃப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். குண்டோ, பெல்லட்டோ (ஏர் ரைஃபிளில் போடும் சின்னக் குண்டு) எவ்வளவு வேகத்தில் போகிறது என்று காட்டும் கருவிதான் குரோனோகிராஃப். ஒரே சங்கதியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

என் மகள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி எடுக்கிறாள். ஒரு குரோனோகிராஃப் வாங்கி வையுங்கள் என்கிறார்கள். கடையில் மூன்று விதம் காட்டினார்கள்: குடைபோல் விரித்து வைப்பது, குழல் முனையில் மாட்டுவது, பக்கத்தில் வைக்கும் ரேடார். எதை எடுக்கலாம்?
– கோவை வாசகி

குழல் முனையில் மாட்டும் குழாய் வகையே போதும். ரேடாருக்குக் கொடுக்கும் பணத்தில் பல மாதத்துக்குப் பெல்லட் வாங்கிவிடலாம்.

உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று பாருங்கள். போட்டி ஏர் ரைஃபிள் 0.53 கிராம் பெல்லட்டை விநாடிக்கு 170 முதல் 175 மீட்டர் வேகத்தில் தள்ளும். அது உண்மையில் 171ஆ 172ஆ என்பது உங்களுக்கு முக்கியமில்லை. போன மாதம் இருந்த வேகம் இந்த மாதமும் இருக்கிறதா, ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதுதான் கேள்வி. அதாவது கருவி ஒரே மாதிரி காட்ட வேண்டும். மிகச் சரியாகக் காட்டாவிட்டாலும் பரவாயில்லை. குழாய் வகையின் பலமே அதுதான். வெளிச்சத்துக்கு அதனுள்ளேயே அகச்சிவப்பு விளக்கு இருப்பதால் வெயில், டியூப்லைட் எதுவும் அதைப் பாதிக்காது. துப்பாக்கியோடு சேர்ந்தே நிற்பதால் தூரமும் கோணமும் ஒவ்வொரு முறையும் மாறுவதில்லை.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். குழல் முனையில் அசையாமல் பிடிக்கும் அடாப்டர் உங்கள் ரைஃபிளின் தடிமனுக்குக் கிடைக்கிறதா? ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டுவது நாலு ஷாட்டில் சாய்ந்துவிடும். இரண்டாவது, உள்ளே இரு சென்சாருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? சில கருவிகளில் 6 செ.மீ.தான் இருக்கும். அதில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வேகத்தில் 0.8 சதவீதம் போய்விடும். நீளம் கூடினால் நல்லது. மூன்றாவது, அளவுகளைச் சேமித்துச் சராசரியும் திட்ட விலக்கமும் (ஷாட்டுகளின் வேகம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) காட்டுகிறதா? நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டால் இரண்டாம் நாளே சலித்துவிடும்.

மாட்டியதும் சுட்டுவிடாதீர்கள். ரைஃபிள் காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, 4 மி.மீ. கனமுள்ள நேரான மரக்குச்சி ஒன்றைக் கருவி வழியாகக் குழலுக்குள் ஒரு விரற்கடை அளவு விடுங்கள். குச்சி குழாயின் நடுவில் நின்றால் சரி. உலோகக் கம்பி வேண்டாம்; குழல் வாயின் விளிம்பு கீறினால் ரைஃபிளின் துல்லியமே கெட்டுவிடும். பிறகு கருவி வாயில் ஒரு மெல்லிய தாளை ஒட்டி ஒரு ஷாட் விடுங்கள். ஓட்டை நடுவில் விழுந்திருந்தால் தாளைப் பிய்த்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம். அளந்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும். முனையில் எடை தொங்கும்போது சுட்ட குரூப்பை (இலக்கில் விழுந்த ஓட்டைகளின் கூட்டத்தை) வைத்துப் பார்வைக் கருவியைத் திருத்தக் கூடாது.

பிற்காலத்தில் .22க்கும் (வெடிமருந்துத் தோட்டா போடும் ரைஃபிள்) போவதாக இருந்தால் ரேடார் பற்றி யோசிக்கலாம். அதுவும் ப்ளூடூத்தும் ரேடியோ அலைக் கருவிகள் என்பதால், இறக்குமதி செய்து விற்பவரிடம் தொலைத்தொடர்புத் துறையின் இ.டி.ஏ. சான்று (கருவி வகைக்கான ஒப்புதல்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நீங்களாக வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

குடை வகைக் கருவி வைத்திருக்கிறேன். ஹாலில் டியூப்லைட் வெளிச்சத்தில் பாதி ஷாட் பதிவாவதே இல்லை. மொட்டை மாடியில் வைத்தால் காலையில் ஒழுங்காக வேலை செய்கிறது, நடுப்பகலில் நம்ப முடியாத எண்களாகக் காட்டுகிறது. கருவி பழுதா?
– மதுரை வாசகர்

பழுதாக இருக்காது, வெளிச்சத்தில்தான் கோளாறு. இந்தக் கருவி பெல்லட்டைப் பார்ப்பதில்லை, அதன் நிழலைத்தான் பார்க்கிறது. மேலிருந்து சீராக வரும் வெளிச்சம் ஒரு கணம் மங்கினால் முதல் சென்சார் கடிகாரத்தை ஓட விடும், இரண்டாவது நிறுத்தும். 5.5 மி.மீ. நீளமுள்ள பெல்லட் 170 மீ/வி வேகத்தில் ஒரு சென்சாரைக் கடக்கும் நேரம் ஒரு விநாடியில் லட்சத்தில் மூன்று பங்கு. அந்தச் சின்ன மங்கலைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் மற்ற நேரத்தில் வெளிச்சம் அசையாமல் இருக்க வேண்டும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப்லைட்டும் விலை மலிவான எல்.ஈ.டி.யும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். பழைய குண்டு பல்பு இருந்தால் இரண்டு சென்சாருக்கும் மேலே ஒவ்வொன்று மாட்டிப் பாருங்கள். அதன் இழை சூடாகவே இருப்பதால் மினுக்கல் குறைவு. இன்னும் நல்லது, கருவியின் கம்பெனியே விற்கும் அகச்சிவப்பு விளக்குச் செட். பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் ஏதோ ஒரு எல்.ஈ.டி. பட்டை வாங்கி ஒட்டினால், அதன் அலைநீளம் சென்சாருக்குப் பொருந்தாமல் போகலாம்.

மாடியில் நடப்பது வேறு. உச்சி வெயில் நேராகச் சென்சாரில் விழுந்து அதைக் குருடாக்குகிறது. பளிச்சென்ற வெயிலில் வெள்ளைக் குடைத் தகடுகள் கண்டிப்பாக வேண்டும். வானம் முழுக்க ஒரே சாம்பல் மேகமாக இருந்தால் அவற்றை எடுத்துவிடலாம். காலை, மாலைச் சாய்வெயிலில் இன்னொரு சிக்கல் வரும். வெயில் பெல்லட்டின் அடிப்பக்கத்தில் பட்டு மின்னுவதால் நிழல் விழ வேண்டிய இடத்தில் வெளிச்சம் விழும். அதற்கு எளிய வழி, பத்துப் பெல்லட்டுக்குக் கறுப்பு மார்க்கர் பூசிச் சுட்டுப் பார்ப்பது. பதிவு ஒழுங்கானால் காரணம் அதுதான்.

உயரத்தையும் பாருங்கள். பெல்லட் சின்னது என்பதால் சென்சாருக்கு மேலே 10 செ.மீ. அளவில் போக வேண்டும். பயந்துகொண்டு குடையை ஒட்டிச் சுட்டால் நிழல் கரைந்துவிடும். தூரம் ஏர் ரைஃபிளுக்கு அரை முதல் ஒரு மீட்டர் போதும். .22க்கு 3 மீட்டர் தள்ளி வையுங்கள். பெரிய தோட்டாக்களுக்கு 4 மீட்டருக்கு மேல். பக்கத்தில் வைத்தால் குழல் வாயிலிருந்து வரும் வாயு அலையே சென்சாரைத் தட்டிவிடும். நம்ப முடியாத எண் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதைச் செய்தும் சரியாகவில்லை என்றால் 9 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். சென்சார் குழியை இயர்பட்ஸால் துடையுங்கள். பரணில் இருந்து எடுத்த கருவியில் சிலந்தி வலை இருப்பது நம் ஊரில் அதிசயமில்லை.

என் ஏர் ரைஃபிள் பெட்டியில் 1000 எஃப்.பி.எஸ். (விநாடிக்கு 1000 அடி) என்று போட்டிருக்கிறது. உரிமம் தேவையில்லை என்று விற்றார்கள். அதன் ஆற்றல் 20 ஜூல் என்ற வரம்பைத் தாண்டுமா?
– சேலம் வாசகர்

2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். பெட்டியில் உள்ள எண் எந்த எடைப் பெல்லட்டுக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் மிக இலேசான உலோகக் கலவைப் பெல்லட்டாகத்தான் இருக்கும்.

1000 எஃப்.பி.எஸ். என்பது 304.8 மீ/வி. ஆற்றல் கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: எடையில் பாதி × வேகம் × வேகம், எடையைக் கிலோகிராமில் போட வேண்டும். 0.35 கிராம் பெல்லட் என்றால் 16.3 ஜூல். அதே வேகத்தை 0.53 கிராம் ஈயப் பெல்லட்டுக்குப் போட்டால் 24.6 ஜூல் வரும். ஆனால் கனமான பெல்லட் அந்த வேகத்தில் போகாது. எனவே அளந்துதான் பார்க்க வேண்டும். 20 ஜூலுக்கான எல்லை வேகம் 0.35 கிராமுக்கு 338 மீ/வி, 0.53க்கு 275, 0.67க்கு 244.

ஒரே எடையில் அளந்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். ஸ்பிரிங் ரைஃபிள் பொதுவாக இலேசான, நடுத்தரப் பெல்லட்டில் அதிக ஆற்றல் காட்டும். காற்று நிரப்பும் பி.சி.பி. வகை கனமானதில் காட்டும். எடையை டப்பாவில் இருந்து எடுக்காமல் 20 பெல்லட்டை நகைக்கடைத் தராசில் சேர்த்து வைத்து 20ஆல் வகுங்கள். கருவி வேகத்தில் 1 சதவீதம் தவறினால் ஆற்றலில் 2 சதவீதம் தவறும். 19.8 ஜூல் வந்ததே என்று நிம்மதியாக இருக்க முடியாது. 18க்குள் இருந்தால் கவலை இல்லை.

நண்பர் கருவியில் 168, என் கருவியில் 173. அதே ரைஃபிள், அதே டப்பா பெல்லட். எதை நம்புவது?
– திருநெல்வேலி வாசகர்

இரண்டையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். 3 சதவீத வித்தியாசம் சும்மா வராது.

ஒரே ஷாட்டை இரண்டு வழியாகவும் விட்டுத்தான் ஒப்பிட வேண்டும். முன்னால் ஒன்று, அதை ஒட்டிப் பின்னால் ஒன்று வைத்து 10 ஷாட்; பிறகு இடம் மாற்றி 10 ஷாட். இடம் மாற்றுவது எதற்கென்றால், தட்டைத் தலைப் பெல்லட் மீட்டருக்கு ஒன்றரை, 2 மீ/வி வரை வேகம் இழக்கும். பின்னால் இருக்கும் கருவி குறைவாகக் காட்டுவது அதன் குற்றமில்லை. இரண்டு வரிசையின் சராசரி வித்தியாசத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் கருவிகளுக்கு இடையே உள்ள உண்மையான வித்தியாசம் கிடைக்கும்.

அடுத்தது காரணம். சாய்வாக வைத்ததால் என்று பலர் சொல்வார்கள். சாய்ந்தால் குண்டு கடக்கும் பாதை நீண்டு எண் குறையும் என்பது உண்மை. ஆனால் 5 டிகிரி சாய்வுக்கு 0.4 சதவீதம், 10 டிகிரிக்கு 1.5 சதவீதம்தான். 3 சதவீதம் வர 14 டிகிரி சாய வேண்டும். அது தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். மடித்து வைக்கும் கருவியாக இருந்தால் கீலைப் பாருங்கள். முழுதாக விரியாமல் நின்றால் சென்சார் இடைவெளி குறைந்து வேகம் கூடுதலாகக் காட்டும். 305 மி.மீ. இடைவெளியில் 3 மி.மீ. குறைந்தாலே 1 சதவீதம் ஏறும்.

பலரும் யோசிக்காத காரணம் ஒன்று உண்டு. ஒரு சென்சார் அழுக்கேறி மந்தமாகியிருந்தால், முதல் சென்சார் பெல்லட்டின் தலையைக் கண்டதும் விழிக்கும், இரண்டாவது வால் வந்த பிறகு விழிக்கும். பெல்லட்டின் முழு நீளமும் கணக்கில் சேர்ந்துவிடும். இடைவெளி 305 மி.மீ. என்றால் இதனால் 1.8 சதவீதம்தான் குறையும். 60 மி.மீ. குழாய்க் கருவியில் அதுவே 8.4 சதவீதம்! உங்கள் இருவரில் 168 காட்டுவது குட்டைக் கருவியாக இருந்தால் முதலில் அதன் சென்சாரைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

மூன்றாவது சாட்சி வேண்டுமென்றால் செல்போன் இருக்கிறது. குழல் முனைக்கும் இலக்குத் தகட்டுக்கும் சரிபாதித் தூரத்தில், பாதையை விட்டு ஓரமாகப் போனை வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். இரண்டு பக்கமிருந்தும் ஒலி வரும் தூரம் சமம் என்பதால் ஒலியின் வேகத்தைக் கழிக்கும் வேலை இல்லை. கணினியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, சுட்ட சத்தத்துக்கும் பட்ட சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும். 10 மீட்டரில் 62 மில்லி விநாடி வந்தால் சராசரி வேகம் 161. இது வழிநெடுகிலும் உள்ள சராசரி, முனை வேகம் அல்ல. முனையில் 170ஐ ஒட்டி இருக்கும். 150 என்றோ 190 என்றோ காட்டும் கருவியைப் பிடிக்க இது போதும். 168ஆ 173ஆ என்று தீர்ப்புச் சொல்ல இதனால் முடியாது. ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் சத்தம் பெல்லட் வெளியேறும் முன்பே தொடங்கிவிடுவதால் கணக்கு குழம்பும். இலக்கு, தகடு கீழ்நோக்கிச் சாய்ந்த, பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியாக இருக்கட்டும்; பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை ஷாட் அளந்தால் போதும்? பயிற்சியாளர் 5 என்கிறார். வேகம் ஏறி இறங்குவது ஸ்கோரை எவ்வளவு பாதிக்கும்?
– சென்னை வாசகி

சராசரிக்கு 5 போதும். திட்ட விலக்கத்துக்குப் போதாது. 5 ஷாட்டில் திட்ட விலக்கம் 2 மீ/வி என்று வந்தால், உண்மையில் அது 1.2க்கும் 5.7க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். 10 ஷாட்டுக்கு 1.4 முதல் 3.7. 20 ஷாட்டுக்கு 1.5 முதல் 2.9. எனவே இரண்டு வகைப் பெல்லட்டை 5 ஷாட்டில் ஒப்பிட்டு ‘இது சீராகப் போகிறது’ என்று சொல்வது ஊகம்தான். குறைந்தது 20 விடுங்கள்.

அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்த வீச்சை மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. ஷாட் கூடக் கூட வீச்சும் கூடிக்கொண்டே போகும். 5 ஷாட்டில் திட்ட விலக்கத்தைப்போல் இரண்டே கால் மடங்கு, 20 ஷாட்டில் மூன்றே முக்கால் மடங்கு. ஒருவர் 5 ஷாட் வீச்சையும் இன்னொருவர் 20 ஷாட் வீச்சையும் வைத்து வாதாடினால் அந்த வாதம் முடியாது.

இதெல்லாம் ஸ்கோரில் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். 10 மீட்டரில் வேகம் 1 மீ/வி மாறினால் பெல்லட் ஏறக்குறைய 0.2 மி.மீ. மேலோ கீழோ விழும். ஏர் ரைஃபிள் இலக்கில் ஒரு வளையத்திலிருந்து அடுத்தது 2.5 மி.மீ.; ஆகவே 0.1 புள்ளி என்பது 0.25 மி.மீ. நல்ல ரெகுலேட்டர் (ஒவ்வொரு ஷாட்டுக்கும் காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் பாகம்) உள்ள ரைஃபிள் 10 ஷாட்டில் 3, 4 மீ/வி வீச்சுக்குள் நிற்கும். 8, 10 என்று போனால் 10.5 விழ வேண்டியது 10.4, 10.3 ஆகும். 9க்குப் போகும் ஷாட்டுக்கு மட்டும் வேகத்தைக் குற்றம் சொல்லாதீர்கள், அது விரலின் வேலை.

வேகம் ஒரு நிலையில் நிற்பதில்லை. ரைஃபிளில் எங்கே கோளாறு என்று குரோனோகிராஃபை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா?
– திருப்பூர், ஈரோடு வாசகர்கள்

பாதி முடியும். எண்கள் எப்படி மாறுகின்றன என்று வரிசையாக எழுதிப் பாருங்கள்.

எண்ணெய் போட்ட பிறகு முதல் சில பத்து ஷாட் தாறுமாறாக உயர்ந்து, புகையும் கருகிய வாசனையும் வந்தால் ஸ்பிரிங் ரைஃபிளின் அறைக்குள் எண்ணெய் எரிகிறது. அது தீர்ந்ததும் தானே அடங்கும். அதுவரை வரும் எண்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வாரா வாரம் சராசரி மெல்ல இறங்கினால் ஸ்பிரிங் தளர்கிறது, அல்லது பிஸ்டன் சீல் தேய்கிறது. சராசரி குறைந்து ஏற்ற இறக்கமும் சேர்ந்தால் குழலும் அறையும் சேரும் இடத்தில் உள்ள சீலைச் சந்தேகப்படுங்கள். அந்த மூட்டின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வைத்துச் சுடும்போது அது படபடத்தால் காற்று கசிகிறது. சில ரூபாய் ஓ-ரிங் வேலை.

பி.சி.பி. ரைஃபிளில் ராத்திரி முழுக்கச் சும்மா இருந்துவிட்டுக் காலையில் விடும் முதல் ஷாட் மட்டும் உயர்ந்து, அடுத்தவை ஒழுங்காக வந்தால் ரெகுலேட்டர் மெல்லக் கசிந்து அழுத்தத்தை ஏற்றுகிறது. இதைப் பிடிக்க 10 ஷாட் விட்டு, அரை மணி நேரம் வைத்திருந்து, மறுபடி விட வேண்டும். சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டர் அளவுக்குக் கீழே இறங்கியதும் வேகம் சரசரவென்று குறையும். அந்த அழுத்தம் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவைத்தால், போட்டியில் எப்போது மறுபடி நிரப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வேகம் சீராக இருந்தும் குரூப் விரிந்தால் குரோனோகிராஃபை எடுத்து வைத்துவிட்டு, ஸ்டாக் (ரைஃபிளின் கட்டைப் பகுதி) திருகுகளைப் பாருங்கள்.

கிளப்பில் .22 ரைஃபிளில் 50 மீட்டர் சுடுகிறேன். குழலுக்கு அடியில் கட்டும் காந்தவகை நல்லதா, ரேடாரா?
– சென்னை வாசகர்

வேகம் மட்டும் வேண்டுமானால் இரண்டுமே நல்லவை. ஆனால் மேக்னட்டோஸ்பீட் போன்ற காந்தவகைக் கருவிகள் குழலிலேயே கட்டப்படுவதால் குழல் அதிர்வது மாறி, குண்டு விழும் இடமும் மாறும். ஒரே சமயத்தில் வேகத்தையும் குரூப்பையும் பார்க்க முடியாது. ரேடார் எதையும் தொடுவதில்லை. பக்கத்தில் வைக்கலாம், வரிசையில் இடையூறு இல்லை. 2023இல் வந்த கார்மின் ஸீரோ சி1 ப்ரோ என்ற ரேடார் கைக்குள் அடங்கும். ஆனால் அது முனை வேகத்தை மட்டுமே தரும். லேப்ரேடார் என்ற பெரிய ரேடார், குண்டு போகப் போகத் தூரத்திலும் வேகம் சொல்லும். ஆனால் அது பொதுவாகச் சுட்ட சத்தத்தைக் கேட்டு விழிக்கும். சத்தம் குறைந்த ஏர் ரைஃபிளுக்குத் தனி மைக் வேண்டும், நெருக்கமான வரிசையில் பக்கத்து ஷாட்டுக்கும் விழித்துக்கொள்ளும்.

.22 போட்டித் தோட்டாவில் 2.6 கிராம் குண்டு 330 மீ/வி அளவில் போகும். இதை வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். 380 மீ/வி அளவில் கிளம்பும் அதிவேகத் தோட்டா, போகும் வழியில் ஒலி வேகத்தைத் தாண்டிக் கீழே இறங்கும்போது காற்றுத்தடை எக்கச்சக்கமாக ஏறும். பக்கக் காற்றில் அதுதான் அதிகம் விலகும். 35 டிகிரி சென்னையில் ஒலி வேகம் 352, 12 டிகிரி ஊட்டியில் 339. போட்டித் தோட்டா இரண்டு ஊரிலும் எல்லைக்குக் கீழேதான்.

ஒரு பெட்டியில் 10 மீ/வி வீச்சு இருந்தால் 50 மீட்டரில் 7, 8 மி.மீ. மேல்கீழாகப் பரவும். 50 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ. தோட்டா வாங்க லாட் எண் (ஒன்றாகத் தயாரான தொகுதியின் எண்) பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பெல்லட் டப்பாவில் உள்ள பி.சி. எண்ணை நம்பாமல் நானே கண்டுபிடிக்க ஆசை. ஒரு கருவி போதுமா?
– ஓசூர் வாசகர்

பி.சி. என்பது காற்றைக் கிழித்துக்கொண்டு வேகத்தைத் தக்கவைக்கும் திறன். அதற்கு இரண்டு இடத்தில் வேகம் வேண்டும். ஒரே கருவியை முதலில் பக்கத்திலும் பிறகு தூரத்திலும் வைத்து 20, 20 ஷாட் சராசரி எடுப்பதே மேல். கருவியின் பிசகு இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

25 மீட்டர் இடைவெளியில் 240ம் 205ம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 240ஐ 205ஆல் வகுத்து, இயல் மடக்கை (ln) எடுத்தால் 0.158. இடைவெளியை இதனால் வகுத்தால் 159 மீட்டர்; இந்த எண் கூடினால் பி.சி.யும் கூடும். பி.சி. கணக்கிடும் கால்குலேட்டரில் இந்த இரண்டு வேகத்தையும் இடைவெளியையும் போட்டால் பி.சி. தானே வரும். ஆனால் ஒன்றில் 1 மீ/வி கூடவும் மற்றதில் 1 குறையவும் தவறினால் இந்த 159 என்பது 150 ஆகிவிடும். ஏறக்குறைய 6 சதவீதம். இடைவெளி 10 மீட்டர் என்றால் தவறு இன்னும் பெரிது. அதனால்தான் 10 மீட்டர் ரேஞ்சில் பி.சி. அளக்க முடியாது என்கிறோம்.

தூரத்தில் வைக்கும் கருவிக்கு முன்னால் ஓட்டை போட்ட ஒரு பலகைக் கவசம் வையுங்கள். 25 மீட்டரில் தவறாத ஆள் கிடையாது.

இயற்பியல் மாணவன். கருவி வாங்கப் பணம் இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் ஏர் ரைஃபிள் வேகத்தை அளக்க வழி உண்டா?
– திருச்சி வாசகர்

உண்டு, 1742இல் இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ் எழுதி வைத்த வழி: எறிபொருள் ஊசல். குண்டைத் தொங்கும் கட்டையில் பதிய விட்டு, கட்டை எவ்வளவு தள்ளிப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

அரை கிலோ எடைக்கு ஒரு தகரப் பெட்டியில் களிமண் அடைத்து, நான்கு மூலைக்கும் நான்கு நூலாக, ஒரு மீட்டர் நீளத்தில் தொங்க விடுங்கள். ஒற்றை நூல் என்றால் பெட்டி திரும்பிக்கொள்ளும். பெல்லட் பதிந்து தங்க வேண்டும். தெறித்து வந்தால் கணக்கு தப்பு. பெட்டிக்குப் பின்னால் ஒரு இலேசான தாள் துண்டு, அது தள்ளப்பட்ட இடத்தை ஸ்கேலில் பாருங்கள். 0.53 கிராம் பெல்லட் 170 மீ/வி வேகத்தில் பட்டால் பெட்டி 57 மி.மீ. நகரும். உந்தம் மாறாது என்பதிலிருந்து பெட்டியின் வேகம் 0.18 மீ/வி, அதை நூல் நீளத்தையும் புவியீர்ப்பையும் கொண்டு தூரமாக்கினால் இந்த 57 வரும். உங்களுக்குத் தலைகீழ்க் கணக்கு.

ஸ்கேலில் 1 மி.மீ. தவறினால் வேகத்தில் 3 மீ/வி தவறும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பெல்லட்டின் எடையைப் பெட்டியோடு சேர்க்க மறந்தாலும் 20 ஷாட்டுக்குப் பிறகு 2 சதவீதம் விலகியிருக்கும். ரைஃபிளை ஸ்டாண்டில் இறுக்கிப் பொருத்தி, பெட்டிக்குப் பின்னால் மணல் மூட்டை வைத்து, ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்யுங்கள். குழல் முனை பெட்டியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் பெல்லட்டோடு வரும் காற்றும் சேர்ந்து பெட்டியைத் தள்ளும். சந்தேகமிருந்தால் நடுவில் சின்ன ஓட்டையுள்ள ஒரு அட்டையைக் குறுக்கே நிறுத்திப் பாருங்கள். 57 என்பது 55 ஆனால் அந்த 2 மி.மீ. காற்று தள்ளியது.